யானைகள் ஒப்புக்கொண்ட அரசர்

ஜெயபுரத்தில் தண்ணீர்ப் பம்பு திருத்தும் சுதாகரனின் தலையில் கார்த்திகை இரண்டாம் வாரம் கிரீடம் முளைத்தது. வவுனியா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வேர் மூளைவரை போகவில்லை என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு அவசரமாகக் கூடி, அரசர் இருக்கலாம், ஆளக்கூடாது என்று தீர்மானித்தது. அமைப்பு சொன்னால் கையெழுத்து வைப்பார். மற்ற நேரம் பம்பு திருத்துவார். நாகரிகமான நாடுகளில் இதுதான் முறை என்று தலைவர் நடராசா முக்கால் மணித்தியாலம் விளக்கினார்.

முடிதரித்தவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, மூன்றாம் நாள் யானைகள் தூது வந்தன. அமைப்பின் சம்மதத்தோடு உடன்படிக்கை எழுதப்பட்டது: யானைகள் வயல் வரம்பைத் தாண்டா, மனிதர் யானைப் பாதையை மறிக்கார். சுதாகரன் கையெழுத்து வைத்தார். கிழட்டுப் பெண்யானை சேற்றுக்காலைப் பதித்தது.

காட்டோரத்தில் இரண்டு ஏக்கர் விதைத்திருந்த கௌசலா அன்றுதான் மூச்சுவிட்டாள். இரண்டு போகம் யானைக்கே விதைத்தவள். இதுவும் போனால் காணியை விட்டுவிட்டு வவுனியாவுக்குத் தையல் வேலைக்குப் போகவேண்டியதுதான். கதிர் பால்பிடிக்கும் நேரம் பார்த்து, நடராசா யானைப் பாதையில் உழுந்து போட்டு, குறுக்கே மின்வேலியும் இழுத்தார். கௌசலா அரசரிடம் ஓடினாள்.

“மகாராசா, கையெழுத்து வைச்சனீங்கள் எல்லோ?”

“வைச்சனான் அக்கா. அது யானையளுக்கும் எங்களுக்கும் இடையிலை. எங்கடை ஆக்களைக் கட்டுப்படுத்த அமைப்பு தனிச் சட்டம் போடவேணுமாம். போட்டால் அதுக்கும் நான்தான் கையெழுத்து.”

“அப்ப உந்தக் கிரீடம் என்னத்துக்கு?”

“படுக்கேக்கை குத்துறதுக்கு.”

அன்று பின்னேரம் நாற்பத்தொரு யானைகள் வந்தன. பாதை அடைபட்டிருந்தது, பக்கத்தில் கௌசலாவின் வயல், முழங்கால் உயர வரம்பு. பால்நெல்லின் வாசம் காற்றில் வந்தது. கிழட்டு யானை ஒரு காலைத் தூக்கியது. தூக்கிய காலை மெல்ல, எடுத்த இடத்திலேயே வைத்தது. குட்டியொன்று தும்பிக்கையை நீட்ட, தாய் தட்டி இழுத்தது. கௌசலா யானை விரட்டக் கையில் வைத்திருந்த வெடியைக் கீழே போட்டாள். அவளையறியாமல் கை கும்பிட்டது.

பதின்மூன்று நாள் அப்படியே நின்றன. முறைவைத்துக் காட்டுக்குள் போய்த் தின்றுவிட்டு வந்தன. போதிய ஆள் இல்லாமல் அமைப்புக் கூட்டம் மூன்று தரம் தள்ளிப்போனது. நாலாந்தரம் கௌசலா வீடுவீடாக ஏறி ஆட்களை வரம்பருகே கூட்டிவந்தாள்.

“காட்டு மிருகம் எங்களுக்குச் சட்டம் படிப்பிக்கிறதோ?” என்றார் நடராசா.

“படிப்பிக்கேல்லை, தலைவர். நிண்டு காட்டுது,” என்றாள் கௌசலா.

யானைப் பாதையை ஒருவரும் மறிக்கக்கூடாது என்ற சட்டத்துக்குக் கைகள் உயர்ந்தன. கடைசியில் நடராசாவின் கையும், யாரோ தூக்கிவிட்டதுபோல. அரசர் கையெழுத்திட்டார். வேலி அன்றே சுருட்டப்பட்டது; யானைகள் உழுந்துக்குள்ளால் வரிசையாக நடந்துபோயின.

தை கடைசியில் கௌசலாவின் இரண்டு ஏக்கரும் முழுசாக விளைந்து நின்றது. அறுவடை மெஷின் இறங்கிய நேரம், யானைகள் பாதையால் போய்க்கொண்டிருந்தன. வெளியூர்க்காரரான மெஷின்காரர் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு விறைத்துப்போய் இருந்தார்.

“நீங்கள் வெட்டுங்கோ அண்ணை,” என்றாள் கௌசலா. “அதுகள் தங்கடை றோட்டிலை போகுதுகள்.”