ஃபுகிகோவின் மேளம் கேட்ட வீடு

இறந்துபோன கணவனை எரித்துவிட்டு வந்த வாரத்தில் குசுமோதோ ஃபுகிகோவின் சத்தம் நின்றுபோனது. குரல் போகவில்லை, பேசினால் கேட்கும். அவள் கையும் காலும் செய்கிற காரியங்களின் சத்தம்தான் போயிற்று. செருப்புப் போட்டு நடந்தால் சத்தமில்லை, கதவை அறைந்து சாத்தினாலும் சத்தமில்லை, பக்கத்து வீட்டு அழைப்பு மணியை அழுத்தினால் அது வாயைத் திறக்கவில்லை. கனசாவா நகரின் ஓரத்தில், சாய் ஆற்றங்கரையில் ஒன்பது கட்டடங்களாக நிற்கும் குடியிருப்பில் நாலாவது கட்டடம் அவளுடையது. மருத்துவர் அவள் காதைச் சோதித்து ஒரு குறையும் இல்லை என்றார். வெறுங்கையோடு அனுப்பக்கூடாதே என்று கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். அவளும் மூன்று மாதம் தவறாமல் போட்டுக்கொண்டாள். இப்படியே ஆறு வருடம் ஓடியது.

ஆறாவது வருடக் குளிர்காலத்தில் இரண்டாவது கட்டடத்தில் ஒருவர் குளியலறையில் விழுந்து செத்துப்போனார். இருபத்து மூன்று நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். தொப்பென்று ஏதோ விழுந்தது கேட்டது, சாமானாக இருக்கும் என்று விட்டுவிட்டேன் என்று கீழ்வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அழுதார். ஃபுகிகோ தன்னை நினைத்துக்கொண்டாள். அந்த மனுஷன் விழுந்ததாவது ஒருவர் காதில் விழுந்தது. அவள் விழுந்தால் அதுவும் இல்லை. இருபத்து மூன்று நாள் என்ன, வசந்தம் வந்தாலும் அப்படியே கிடக்க வேண்டியதுதான்.

குடியிருப்போர் சங்கமும் பயந்துபோயிருந்தது. சங்கத் தலைவி ஓனிஷி மசாயோ தபால் நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம் முத்திரை குத்தியவள், கையில் பலம் உண்டு. ஒருவர் சத்தம் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்லி, தாய்கோ என்கிற ஜப்பானிய மேளம் பழகும் குழு ஒன்றை ஆரம்பித்தாள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி, பொதுக்கூடம். இருந்தது ஒரே ஒரு நிஜ மேளம். மற்றவர்களுக்கு லாரி டயர். பெட்டி ஒட்டுகிற நாடாவை அதன் வாயில் குறுக்கும் நெடுக்கும் இழுத்து ஒட்டினால் பழகுவதற்குப் போதும். முதலில் குச்சியைத் தொடவே விடவில்லை. மூன்று வாரம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, "தோன் தோகோ தோன்" என்று வாயாலேயே அடித்தார்கள். பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். முதல் பெயர் ஃபுகிகோவுடையது. மேளத்தையுமா இந்தச் சனியன் விழுங்கிவிடும் என்று அவள் நினைத்தாள்.

விழுங்கியது. நாலாவது வாரம் தன் டயரை அவள் ஓங்கி அடித்தபோது பஞ்சுப்பொதி மேல் பூனை குதித்த அளவுக்குக்கூடச் சத்தமில்லை. எல்லோருக்கும் அது தெரிந்தது. ஆனால் ஒருவர் முகத்துக்கு நேரே குறை சொல்கிற ஊரா அது? "நல்லா வருதுங்க, குசுமோதோ சான்," என்றாள் ஓனிஷி. "கையில ஒரு நளினம் இருக்கு," என்றார் இன்னொருவர். ஏழு மாதம் பதினெட்டு பேரும் இல்லாத சத்தத்தைப் பாராட்டினார்கள், அவளும் தலைகுனிந்து நன்றி சொன்னாள். பொய் என்று அவளுக்குத் தெரியும். தனியாகச் சாப்பிடும் நாட்களைவிட, அத்தனை பேர் நடுவே உட்கார்ந்து பார்லி தேநீர் குடித்துவிட்டுத் திரும்பும் சனிக்கிழமைதான் அவளுக்குப் பெரும் தனிமையாக இருந்தது.

எட்டாவது மாதம் நிஜ மேளத்தில் அடிக்க அவள் முறை வந்தது. அவள் அடித்து முடித்து, எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே கூடத்தின் கதவு திறந்தது. ஏழாவது கட்டடத்து உசாமி தொகுஜி வீட்டுச் செருப்போடு நின்றார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒன்பது வருடமாகக் கடைக்குப் போவதைத் தவிர வெளியே வராதவர்.

"யாருங்க அது, என் சமையலறைக்குள்ள மேளம் அடிக்கிறது?"

"மன்னிக்கணும், உசாமி சான். ஜன்னலையெல்லாம் சாத்திட்டுத்தான் அடிக்கிறோம்," என்றாள் ஓனிஷி.

"இங்கேருந்து வந்தா பரவால்லியே! வீட்டுக்குள்ளயேல்ல கேக்குது. அலமாரியில கிண்ணமெல்லாம் ஆடுது. அதுலயும் ரெண்டாவது அடி லேட்டு. மனுஷன் எப்படிங்க கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கிறது?"

பதினெட்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒரு சத்தம் ஐந்நூறு மீட்டர் தள்ளிப் போய் விழுந்ததில் அவர்களுக்கு ஆச்சரியமில்லை. ஒரு மனிதர் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டாரே என்றுதான் கூசிப்போனார்கள்.

"நான்தாங்க அடிச்சேன்," என்றாள் ஃபுகிகோ.

உசாமி அவள் பக்கம் திரும்பினார். "அப்ப அந்தச் செருப்பும் நீங்கதானா? காலையில அஞ்சே முக்காலுக்கு எழுந்திரிக்கிறது? நான் பேய்னுல்ல நினைச்சேன். ஒழுங்கான பேய், நேரத்துக்குப் பாத்திரம் கழுவுதுன்னு விட்டுட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "போன மார்ச்ல ஒரு கிண்ணத்த உடைச்சீங்களே, கையில எதுவும் படலியே? ரெண்டு நாள் எனக்கு அதே யோசனையா இருந்துச்சு."

ஃபுகிகோ மேளத்தின் மேல் கவிழ்ந்து அழுதாள். இத்தனை வருடமும் ஒருவர் அவளைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

அதற்கப்புறம் நாலு வருடம் அது அப்படியே நடந்தது. அவள் இங்கே அடிப்பாள், அங்கே கேட்கும். உசாமி சனிக்கிழமை மூன்றரைக்கு வந்து கூடத்து வாசலில் நின்று, "இன்னைக்கு நடுவுல ஓடிட்டீங்க" என்றோ "பரவால்ல" என்றோ சொல்லிவிட்டுப் போவார். உள்ளே வந்து குச்சியைப் பிடிக்கச் சொன்னால், பேருந்து ஓட்டிய தோள் வலிக்கிறது என்பார். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. இருவரும் சேர்ந்து வாழலாமே என்று ஓனிஷி ஜாடையாகப் பேச்செடுத்ததற்கு இருவருமே காது கேட்காதவர்கள் மாதிரி இருந்தார்கள். அவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்த காலையில் ஆறு மணிக்கே அவர் ஓனிஷிக்கு போன் செய்தார்: "செருப்புச் சத்தம் கேக்கலீங்க. போய்ப் பாருங்க." கோடைத் திருவிழாவில் அவள் மேடையில் அடித்தபோது அவர் தன் வீட்டு ஜன்னல்களைத் திறந்துவைத்தார், ஜனங்கள் அவருடைய இரண்டாம் மாடியைப் பார்த்துத் திரும்பி நின்று ஆடினார்கள். ஃபுகிகோ இப்போது தேநீர்க் கோப்பையைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள். விழுந்துவிடுவோமோ என்ற பயம் விட்டுப்போயிற்று. அவர் விழுந்தால் யாருக்குக் கேட்கும் என்று அவளும் யோசிக்கவில்லை, சங்கமும் யோசிக்கவில்லை.

ஐந்தாம் வருடம் நவம்பரில் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி இருபது நிமிடம். ஃபுகிகோ குச்சியை ஓங்கி இறக்கினாள். கூடம் அதிர்ந்தது. சுவரில் தொங்கிய நாள்காட்டி ஆடியது. அத்தனை பேரும் அடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். "அப்பாடா! கேக்குது, குசுமோதோ சான், கேக்குது!" என்று ஓனிஷி கத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள், இந்த முறை நிஜமாகவே. ஃபுகிகோவின் கையிலிருந்து குச்சிகள் நழுவித் தரையில் விழுந்தன. அந்தச் சத்தமும் கேட்டது.

"ஐயோ, உசாமி சான்," என்றாள்.

காலுறையோடு ஈரத்தில் ஓடினாள். மற்றவர்கள் ஒன்றும் புரியாமல், பிறகு புரிந்து, பின்னால் ஓடினார்கள். ஏழாவது கட்டடத்தில் அவர் வீட்டுக் கதவு பூட்டாமல் இருந்தது. சமையலறை மேசைக்குப் பக்கத்தில் அவர் சாய்ந்து கிடந்தார். அடுப்பில் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. கை இன்னும் சூடாக இருந்தது. ஃபுகிகோ அதைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை. உயிர் போய்விட்டிருந்தது. அந்தக் குடியிருப்பில் தனியாகச் செத்த ஒருவரை ஆறே நிமிடத்தில் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை என்று சங்கத்தின் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறது.

அன்றுமுதல் ஃபுகிகோவின் மேளம் கூடத்திலேயே கேட்கிறது. முதல் கட்டடத்துக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று இரண்டு முறை புகார் எழுதினார்கள். அவள் வீடு வீடாகப் போய் மணியடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். படியில் அவள் செருப்புச் சத்தம் நாலு மாடிக்கும் கேட்கிறது. பிப்ரவரியில் மறுபடி காய்ச்சல் வந்து இரண்டு நாள் அது கேட்காமல் இருந்தது. ஒருவரும் வந்து பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அவளே ஓனிஷிக்கு போன் செய்து, உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னாள்.