ஐந்தாம் மாடிக் கோளாறு

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்த ஒருவர் படிக்கட்டே ஏறியதில்லை என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். லிஃப்ட்காரர் விஷயத்தில் அது உண்மை. எந்தக் கட்டடத்துக்கும் அவரும் ஒரு கூட்டாளியுமாக இருவராகப் போவார்கள். லிஃப்டை இழுக்கும் மோட்டார் மொட்டைமாடி அறையில் இருக்கும். நின்றுபோன லிஃப்டில் ஏறி அங்கே போக முடியாது, நடந்துதான் ஆகவேண்டும். அது ஒல்லியான கூட்டாளியின் பாடு. இவர் கீழே நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்குத் தைரியம் சொல்வார். எடை நூற்று நான்கு கிலோ. குரலிலும் அந்தக் கனம் இருந்ததால், அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சட்டென்று அடங்கிவிடுவார்கள்.

கூட்டாளி காய்ச்சலில் படுத்த ஒரு நாள், பன்னிரண்டு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெண் பல் டாக்டர். வேறு வழியில்லாமல் லிஃப்ட்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். மூன்றாம் மாடியில் உட்கார்ந்தார். ஐந்தாம் மாடியில் உட்கார்ந்து சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். ஒன்பதாம் மாடியில் லிஃப்ட் கதவோரம் சாய்ந்து, பயப்படாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தார். மூச்சுதான் வந்தது, வார்த்தை வரவில்லை. வெளியே யாருக்கோ முடியவில்லை போல என்று உள்ளிருந்த டாக்டர்தான் பயந்துபோனார். கொஞ்சம் உட்காருங்கள், தலையைக் குனிந்துகொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் அவசரமில்லை என்று கதவு வழியாகவே அவர் தைரியம் சொன்னார்.

ஒருவழியாக மேலே போய், பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்து, கதவைத் திறக்கும்போது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. டாக்டர் வெளியே வந்ததும் லிஃப்ட்காரர் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

“என்னை வெளிய எடுக்க வந்தீங்களா, இல்ல என்கிட்ட உடம்பைக் காட்ட வந்தீங்களா?”

லிஃப்ட்காரர் அசட்டுத்தனமாகச் சிரித்தார்.

“பல்லு நல்லாத்தான் இருக்கு. மத்ததை வேற டாக்டர்கிட்ட காட்டுங்க,” என்றார் டாக்டர்.

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. இன்னொரு தடவை மொட்டைமாடிக்கு ஏறினால் எங்கும் உட்காராமல் ஏறுவது என்று அன்றே மனதுக்குள் முடிவு செய்தார். மனைவியின் தம்பி, எதையும் பெரிதாகவே செய்து பழக்கப்பட்டவன், உடனே திட்டம் போட்டுக் கொடுத்தான். விடிகாலை ஐந்து மணிக்கு ஓட்டம், சாயங்காலம் ஜிம், நடுவில் ஸ்கிப்பிங். லிஃப்ட்காரர் பளபளவென்று ஒரு ஜோடி ஷூ வாங்கினார். முதல் நாள் ஓடினார். இரண்டாம் நாள் கட்டிலிலிருந்து இறங்கவே கைத்தாங்கல் வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் கூடத்தில் ஸ்கிப்பிங் குதித்தபோது, கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, சுவர் ஏதாவது இடிக்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். நான்காம் நாள் ஓட்டம் நின்றது, ஷூ மட்டும் வேலைக்குப் போய்வந்தது.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். எழுத்து தெரிகிறதா இல்லையா என்று நாள் முழுவதும் நேராகக் கேட்டுப் பழகியவர். வீட்டிலும் அப்படித்தான்.

“ஏங்க, பன்னெண்டு மாடி ஏற முடியலைன்னா ஒரு மாடி ஏறுங்களேன். அதுக்குமா ஷூ வேணும்?”

அவர்கள் வீடு ஆறாம் மாடியில். மறுநாள் சாயங்காலம் லிஃப்ட்காரர் ஐந்தாம் மாடியில் இறங்கி, மிச்சத்தைச் செருப்புக் காலோடு நடந்து ஏறினார். பதினெட்டுப் படி. மறுநாளும் அப்படியே. ஏறாமல் இருக்க ஒரு சாக்கு யோசித்து முடிப்பதற்குள் வீட்டு வாசலே வந்துவிடும் என்பதால், சாக்கு தேடுவதை அவர் விட்டுவிட்டார். ஐந்து வாரம் கழித்து, இது என்ன வேலை என்று அவருக்கே வெட்கமாகி, நான்காம் மாடியில் இறங்க ஆரம்பித்தார். ஷூ விஷயத்தில் பட்ட அவமானம் போதும் என்று இதை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஐந்தாம் மாடியில் ஒரு வக்கீல் குடியிருந்தார். ஆறாம் மாடிக்குப் போகவேண்டிய லிஃப்ட் மெக்கானிக் தினமும் தன் வாசலில் இறங்கி நடப்பதை அவர் கவனித்துவந்தார். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஏதோ கோளாறு இருக்கிறது, தொழில் தெரிந்த மனுஷன் உயிருக்குப் பயந்து இறங்குகிறார் என்று முடிவு கட்டினார். ஆறாம் மாடிக்காரர்கள் எல்லோரும் ஐந்தில் இறங்கினார்கள். மெக்கானிக் நான்கில் இறங்கத் தொடங்கியதும், கோளாறு கீழே வருகிறது என்று கட்டடம் முழுக்கப் பேச்சு பரவியது. அவர் மூன்றாம் மாடிக்கு மாறிய வாரம் யாருமே லிஃப்டுக்குள் காலை வைக்கவில்லை. லிஃப்ட் கம்பெனிக்குப் புகார் போனது. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, குடியிருக்கிற கட்டடத்து லிஃப்டையே ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. லிஃப்ட்காரரை நடுவில் நிற்கவைத்தார்கள். அவர் காது சிவக்க நின்று, கடைசியில் சொல்லிவிட்டார்.

“லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல.”

உடம்புக்காக ஏறுகிறேன் என்று விளக்கியும் ஒருவரும் நம்பவில்லை. அவர் உடம்பைப் பார்த்தால் நம்பத் தோன்றவில்லை என்பதும் வாஸ்தவம்தான். மூன்று மாதத்தில் குறைந்தது நாலே கிலோ. வக்கீல் எழுந்தார்.

“அப்படின்னா எங்க கண்ணு முன்னால ஆறாவது மாடி வரைக்கும் லிஃப்ட்ல போயிட்டு வாங்க. விஷயம் முடிஞ்சுது.”

நியாயமான பேச்சு. ஒரு நிமிட வேலை. ஆனால் லிஃப்ட்காரர் லிஃப்ட் பக்கம் திரும்பவே இல்லை. தொண்ணூற்று மூன்று நாளாக ஒரு தடவைகூட அவர் வீட்டு வாசல் வரைக்கும் லிஃப்டில் போனதில்லை. வாழ்க்கையில் வேறு எதையும் அவர் தொண்ணூற்று மூன்று நாள் விடாமல் செய்ததும் இல்லை.

“மாட்டேங்க,” என்றார்.

கூட்டம் சலசலத்தது. பார்த்தீர்களா என்பதுபோல் வக்கீல் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அப்போது மனைவி நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்தார்.

“லிஃப்ட்ல நான் போறேன். அவர் படியில வரட்டும். யாருக்கு யார் மேல சந்தேகமோ அவங்க கூடப் போங்க.”

லிஃப்டில் அவரோடு ஏற ஒருவரும் முன்வரவில்லை. தனியாகவே ஏறிக் கதவை மூடிக்கொண்டார். வக்கீலும் இன்னும் நாலைந்து பேரும் லிஃப்ட்காரர் பின்னால் படியேறினார்கள். ஒரே மூச்சில் ஆறு மாடியை அவர் அதுவரை ஏறியதில்லை. முதல் மூன்று மாடி வழக்கம்போலப் போயிற்று. நான்காம் மாடியில் வியர்வை கண்ணில் இறங்கியது. வக்கீல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, நீங்கள் போய்க்கொண்டிருங்கள், வந்துவிடுகிறேன் என்று படியில் உட்கார்ந்துவிட்டார். ஐந்தாம் மாடியில் லிஃப்ட்காரரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நடை மெதுவாயிற்று, ஆனால் நிற்கவில்லை. ஆறாம் மாடியில் மனைவி வாசல் கதவைத் திறந்துவைத்து, ஒரு செம்புத் தண்ணீரோடு நின்றிருந்தார்.

“இவ்வளவு நேரமா?” என்றார். ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

லிஃப்டின் மேல் இருந்த பழி அன்றோடு நீங்கியது. மறுநாளே எல்லோரும் சந்தோஷமாக லிஃப்டுக்குத் திரும்பிவிட்டார்கள். வக்கீல்தான் முதல் ஆள்.

லிஃப்ட்காரர் மட்டும் நடந்தார். மாதம் போகப் போக வீட்டுப் படிகள் முழுவதும் பழகிவிட்டன. அடுத்த வருட நடுவில் எடை எண்பத்தொன்பது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டார்.

ஒரு மத்தியானம் வேறொரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் ஆளில்லாத லிஃப்ட் நடுவில் நின்றிருந்தது. கூட்டாளி ரோட்டில் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். காத்திருக்கப் பொறுமையில்லாமல் லிஃப்ட்காரரே மேலே போனார். மோட்டார் அறைக்கு முன் நின்று பையைத் துழாவியபோதுதான் சாவியை வண்டியிலேயே வைத்துவிட்டது தெரிந்தது. தன்னையே திட்டிக்கொண்டு இறங்கிப் போய், சாவியை எடுத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே மறுபடி ஏறி, கதவைத் திறந்து சக்கரத்தில் கை வைத்தார். இரண்டு தடவையும் எங்கேயும் உட்காரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. மனைவிக்குப் போன் போட்டார். கடையில் கூட்டமாக இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார் மனைவி.

“சாவியை மறந்துட்டேன்,” என்றார் லிஃப்ட்காரர்.