இரண்டாவது கைதட்டல்

தொழிற்சாலையில் வேலை முடிந்து ஐந்து மணிக்கெல்லாம் தேவா இந்தத் தெரு வழியாகத்தான் வீடு திரும்புவான். அதற்குள் எட்டுப் பாடல்களும் பென்டிரைவில் ஏறிவிட வேண்டும். கணினித் திரையில் பச்சைக் கோடோ பாதித் தூரத்தைக்கூட எட்டவில்லை. மைதிலி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு ஐம்பது.

"இன்னாம்மா இது, மாட்டு வண்டி மாரி போவுது!" என்று கோபி கணினிப் பெட்டியின் தலையில் தட்டினான். "அவன் மட்டும் பாத்தான், என் தோல உரிச்சி உப்புக்கண்டம்..."

வெளியே மின்சார ரயில் கடந்தது. கோபி வாக்கியத்தை நடுவிலேயே நிறுத்தி, சத்தம் முழுவதும் அடங்கும் வரை காத்திருந்து, "...போட்ருவான்" என்று முடித்தான்.

திருமுல்லைவாயிலில் ரயில் பாதையை ஒட்டி நின்ற கோபியின் இந்த வீட்டில்தான், பத்தாண்டுகளுக்கு முன்பு 'பச்சைக்கொடி' என்னும் இசைக்குழு தன் ஒரே ஆல்பத்தைப் பதிவு செய்தது. தேவா பாடினான், கோபி டிரம்ஸ் வாசித்தான். இரண்டு வண்டிகளுக்கு இடையே கிடைத்த நேரத்துக்குள் பாடி முடித்ததால், ஒரு பாடலும் நான்கு நிமிடத்தைத் தாண்டாது. ஒவ்வொன்றும் இரண்டு கைதட்டல்களோடு தொடங்கும். மண்ணூர்பேட்டையில் உதிரிபாகங்களின் தரம் பார்க்கும் வேலையிலிருந்த மைதிலிக்கு அந்த ஆல்பத்தின் எட்டுப் பாடல்கள் யானைப் பசிக்குச் சோளப்பொரியாக இருந்தன. அது வெளியான நாளில், ஆண்டு தவறாமல், யூடியூபில் அதன் கீழே அவள் ஒரே வரியை எழுதி வந்தாள்: "அடுத்தது எங்கே, சோம்பேறிகளா?"

சென்ற மாதம் கோபியிடமிருந்து தனியே ஒரு பதில் வந்தது. இன்னும் எட்டுப் பாடல்கள் உண்டு. தேவாவுக்குத் தெரியாமல் வந்து கேள். மைதிலி அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

"இத்தனை வருஷம் ஏண்ணா வெளியிடல?"

"அத்த மட்டும் கேக்காதம்மா. யாராச்சும் ஒருத்தர் கேட்டா என் நெஞ்சு பாரம் கொறையும்னுதான் உன்னக் கூப்ட்டேன்."

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பச்சைக் கோடு முக்கால் தூரத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"இன்னாடா மச்சான், கீறியா?" என்றபடியே உள்ளே வந்த தேவா, திரையைக் கண்டதும் அப்படியே நின்றான். "எத்த ஏத்தினுகீற?"

"மச்சான், நான் சொல்றத..."

"நீ வாய மூடு." அவன் மைதிலியிடம் திரும்பினான். "நீ யாரும்மா?"

"மைதிலி. மண்ணூர்பேட்டை."

அந்தப் பெயரை அவன் எங்கோ தேடுவது போலிருந்தது. பிறகு மெல்லச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளை அச்சுறுத்தியது. "வருசா வருசம் சோம்பேறின்னு எழுதறது நீதானா? எங்க போர்மேன்கூட இப்டி வெரட்ட மாட்டாம்மா."

மைதிலி ஓரடி பின்வாங்கினாள். "திட்டணும்னு எழுதலண்ணா. இன்னும் வேணும்னுதான் எழுதினேன்."

"பாட்டுக்கு முன்னால ரெண்டு தட்டு வருதே, யாருன்னு நெனச்ச?"

"கோபி அண்ணன்னு..."

"எங்க அண்ணன் ராகேஷ். வாசிக்கத் தெரியாது, பாடத் தெரியாது. ஷிப்ட் முடிச்சி வந்து லைனாண்ட நிப்பான். லோக்கல் போச்சுன்னா ஒரு தட்டு. எதிர்லைன்லயும் ஒண்ணும் வரலன்னா ரெண்டாவது தட்டு. அப்பதான் நாங்க ஆரம்பிப்போம். எதிர்லைனப் பாக்கணும்னா தண்டவாளத்துல ஏறி நின்னாத்தான் தெரியும்."

மீண்டும் ஒரு வண்டி வந்தது. தேவாவும் கோபியும் பழக்கத்தால் ஒருசேர, அது போகும் வரை காத்திருந்தார்கள். சுவரும் சன்னலும் அதிர்ந்து ஓய்ந்தன. அந்த அரை நிமிடத்திலேயே மைதிலிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆயினும் அவன் சொல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டினாள்.

"இப்ப ஏறுதே, இதுல எட்டாவது பாட்டுல," என்றான் தேவா, "ஒரு தட்டுதான் கீது. ரெண்டாவது தட்டுக்கு அவன் இல்ல."

கோபி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கணினி சின்னதாக ஓர் ஒலி எழுப்பியது. பாடல்கள் ஏறி முடிந்திருந்தன.

தேவா பென்டிரைவைப் பிடுங்குவான் என்று மைதிலி எதிர்பார்த்தாள். அவனோ கைகளைக் கட்டிக்கொண்டான்.

"எடுத்துகினு போ. ஆனா ஒண்ணு. எட்டும் சேந்துதான் போவும். எட்டாவத வுட்டுட்டு ஏழ மட்டும் பொறுக்கக் கூடாது. எங்களால அப்டிப் பொறுக்க முடியல."

"தேவா, அந்தப் பொண்ணு இன்னாடா பண்ணுச்சு?" என்றான் கோபி.

"ஒண்ணும் பண்ணல. இன்னும் வேணும்னு கேட்டுச்சு. குடுக்கறேன்."

இத்தனை ஆண்டுகளாக ஏங்கியது விரல் நுனியில் இருந்தது. மைதிலி பென்டிரைவைக் கணினியிலிருந்து உருவினாள். ஏறிய சூட்டில் வெதுவெதுவென்று இருந்தது. எட்டாவதைக் கேட்காமல் விட்டாலும் ஏழு புதிய பாடல்கள். ஒவ்வொன்றிலும் அவள் கேட்டிராத தேவாவின் குரல். ஒரு கணம் அவள் கை பைக்குள் நுழைந்தது. பிறகு வெளியே வந்து, பென்டிரைவை மேசைமேல் வைத்தது.

"வர்றேண்ணா," என்றாள். இருவரில் யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ரயில் நிலைய நடைமேடையில் கூட்டம் நெருக்கியது. மைதிலி சுவரோடு சாய்ந்து நின்று, இயர்போனைப் பொருத்திப் பழைய ஆல்பத்தைத் திறந்தாள். முதல் பாடல். ஒரு தட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது தட்டு. தேவா வாய் திறக்கும் முன்பே நிறுத்தி, அடுத்த பாடலுக்குத் தாவினாள்.

அவள் ஏற வேண்டிய வண்டி வந்து, நின்று, போயிற்று. எட்டாவது பாடலிலும் இரண்டாவது தட்டைக் கேட்ட பிறகே அவள் மூச்சை விட்டாள்.