தொட்டி ஏறாதவர்களின் பட்டியல்

இன்சூரன்ஸ் ஏஜெண்டு அன்பழகன் அந்த ஞாயிறு காலை கொடுத்துவிட்டுப் போன காகிதத்தைப் படித்ததிலிருந்து கார்குழலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உப்பளம் பகுதியில் மில் தொழிலாளர்கள் சேர்ந்து கட்டிக்கொண்ட இருபத்துநாலு வீட்டுக் குடியிருப்புக்கு, இரண்டாயிரத்து ஏழில் அவள்தான் சங்கச் செயலாளர். அங்கே கூலிக்கு ஆள் வைக்கும் வழக்கமில்லை. ஞாயிறுதோறும் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து சாக்கடை வார வேண்டும், மேல்தொட்டி கழுவ வேண்டும். வருவதெல்லாம் பெண்கள். ஆண்களுக்கு உலகத்து அசதியெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் வந்து சேரும்.

போன மாதம் ஆயம்மா தொட்டி ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். இனி வேலை செய்கிற எல்லோருக்கும் விபத்துக் காப்பீடு எடுத்தே தீருவதென்று கார்குழலி ஒற்றைக் காலில் நின்றாள். எடுத்தும் விட்டாள்.

அந்தக் காப்பீட்டுக் காகிதத்தில் இருபத்துநாலு பெயர். இராமதாஸ், காத்தவராயன், முருகையன்... அத்தனையும் ஆம்பிளைகள்! அன்பழகன் பட்டியல் கேட்டபோது சங்கத்துப் பதிவேட்டில் வீடு யார் பேரிலோ அவர்கள் பெயரையே பார்த்து எழுதிக் கொடுத்தவள் அவள்தான். விழுந்தவள் ஆயம்மா, பட்டியலில் இருப்பது அவள் புருஷன் காத்தவராயன் பெயர். தன் வீட்டுக்கும் தன் புருஷன் இராமதாஸ் பெயரைத்தான் எழுதியிருந்தாள். படித்த முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் ஓடினாள்.

தொட்டி கழுவ வந்த சந்திரகலா துடைப்பத்தோடு பாதி ஏணி ஏறியிருந்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் பொடிசுகள். கார்குழலி ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எறங்குடி சந்திரா! உன் பேரு இதுல இல்ல."

"இல்லன்னா இன்னாக்கா? நான் உழுந்தா எங்க ஊட்டுக்காரருக்குக் காசு வருமில்ல?"

"ஒரு பைசா வராது. எறங்கு."

சத்தம் கேட்டு இராமதாஸ் லுங்கியை இறுக்கிக்கொண்டு வந்தான்.

"உங்க பேருதான் இருக்குது. ஏறிக் கழுவுங்க" என்றாள் கார்குழலி.

"மேல ஏறுனா எனக்குத் தலை சுத்தும். ஆமா, பேர எழுதுனது நானா?"

கார்குழலிக்குச் சுருக்கென்று தைத்தது. பன்னிரண்டு வருஷம் தொட்டி கழுவியவளுக்குத் தன் பெயர் ஞாபகம் வரவில்லை என்றால் யாரை நோவது? சந்திரகலாவை இறக்கிவிட்டு, ஏணியைத் தூக்கிச் சங்க அறையில் போட்டுப் பூட்டினாள்.

"காகிதம் மாறி வர்ற வரைக்கும் ஒருத்தியும் ஏறக் கூடாது. பேரு இருக்கறவங்க வந்து சாவி கேளுங்க."

ஒருவரும் கேட்கவில்லை. பெயர் மாற்ற, பட்டியலில் இருப்பவர்களே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அன்பழகன். "எங்க பேரு இருந்தா இருந்துட்டுப் போவுது" என்றார்கள் ஆண்கள். தண்ணீர் நாற ஆரம்பித்தது. பிள்ளைகளுக்குப் பெண்கள் காய்ச்சிக் கொடுத்தார்கள். யாருக்காவது வாந்திபேதி கண்டுவிட்டால் பழி தன் தலையில்தான் என்று கார்குழலி நாளுக்குப் பத்துத் தடவை சாவியை எடுப்பாள், வைப்பாள்.

பதினோராம் நாள் குளிக்கப் போன இராமதாஸின் தலையில் சொம்புத் தண்ணீரோடு புழு விழுந்தது. அன்று சாயங்காலமே ஆண்கள் இருபத்துநாலு பேரும் சைக்கிளிலும் வண்டியிலுமாய்க் கிளம்பினார்கள். போனது சாவி கேட்க அல்ல. அன்பழகன் ஆபீசில் வரிசையாக நின்று, தங்கள் பெயரை அடித்துவிட்டுப் பெண்டாட்டி பெயரைப் போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.