மடங்கிய விரலும் வெள்ளி விழா சல்யூட்டும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் போல்ட்டும் நட்டும் செய்யும் கம்பெனி ஒன்றுக்குக் கோதண்டம் வாட்ச்மேன். அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்; தலைமைக் காவலர் என்று சொல்ல வேண்டும். ஆவடி ராணுவ முகாமில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தார் என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னதால், கம்பெனி முழுக்க அவர் சுபேதார்.

அவர் வைக்கும் சல்யூட் பேர்போனது. மேனேஜர் ஜெயராமனின் கார் வாசலில் திரும்பும்போது புருவத்தருகே போய் நிற்கும் அந்த உள்ளங்கை, இஸ்திரி போட்ட துணி மாதிரி ஒரு சுருக்கமில்லாமல் விரிந்திருக்கும்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆனி மாதம். விடியற்காலையில் பட்டாபிராம் வீட்டுக் கிணற்றடியில் முகம் கழுவினார். தண்ணீர் எல்லாம் வழிந்துபோன பிறகும் வலது கை மட்டும் எதையோ ஏந்தியபடியே இருந்தது. முதல் ரயில் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. மோதிர விரல் மற்ற விரல்களை விட்டுவிட்டுத் தனியாகத் தூங்குவதுபோல் லேசாகக் கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில், உள்ளங்கையில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு. வலி இல்லை. முடிச்சிலிருந்து விரலுக்குத் தோலுக்குள் ஒரு கயிறு ஓடியது.

கம்பெனி வாசலுக்குப் பிச்சை கேட்டு வந்த, விரல் மடங்கிய மனிதர்கள் எத்தனை பேரைத் தடியை நீட்டித் துரத்தியிருக்கிறார்! அவர்கள் எல்லோரும் கிணற்றைச் சுற்றி வந்து பேசாமல் நிற்பதுபோல் இருந்தது. இதுவும் அவர்களுடைய பெருவியாதிதான், தொழுநோய்தான் என்று தெரிந்தால் கம்பெனி அவரை அதே வாசலுக்கு வெளியே நிறுத்தும்.

ஒரு மாதம் கையைக் கால்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். மேனேஜர் கார் வந்தால் இடது கையால் கேட்டைத் திறக்கும் சாக்கில் சல்யூட்டைத் தவிர்த்தார். பைக்குள் அது என்ன கனவு கண்டதோ, இன்னும் கொஞ்சம் மடங்கியது. ஒருநாள் மனைவி வரலட்சுமி சோற்றுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து அதைப் பிடித்துவிட்டாள்.

"இன்னாயா இது? வெரலு மொடங்கிகினு கீது?"

"பழைய காயம். பட்டாளத்துல பட்டது."

"வெங்காயம் உரிச்சதுல பட்டுச்சா? பொழுது விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு. சட்டையை நான் தோய்ச்சு வெக்கிறேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் தாட்சாயிணி அவரைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சு பட்டது, ஊசி பட்டது. ஒவ்வொன்றுக்கும் கோதண்டம் பரேடில் ஆஜர் சொல்வதுபோல் "தெரியுது!" என்று கத்தினார். மூடிய கண்ணுக்குள் ஒவ்வொரு "தெரியுது"வுக்கும் ஒரு விளக்கு எரிந்தது.

"கத்தாதீங்க. பக்கத்து ரூம்ல கொழந்தை தூங்குது. இது நீங்க பயப்படற வியாதி இல்ல. உணர்ச்சி நல்லா இருக்கு. கையை மேசைமேல கவிழ்த்து வைங்க."

வைத்தார். உள்ளங்கை மேசையில் படியவில்லை. கீழே ஒரு பென்சில் நுழையும் இடைவெளி.

"தோலுக்கு அடியில இருக்கற சவ்வு தடிச்சுச் சுருங்குது. யாருக்கும் ஒட்டாது. உங்க அப்பாவுக்கு இருந்துச்சா?"

அப்பாவின் கை எப்போதும் ஏர்பிடித்த வாக்கிலேயே இருந்தது ஞாபகம் வந்தது. உழைப்பால் வந்த பெருமை என்று ஊரே சொல்லும்.

"தைலம் போட்டுத் தேய்ச்சு வுடறேன்றா ஊட்ல..."

"தேய்க்கட்டும், சுகமா இருக்கும். விரல் நிமிராது. புடிச்சு இழுக்க மட்டும் விடாதீங்க. இப்போதைக்கு ஒண்ணும் செய்ய வேணாம். ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வந்து காட்டுங்க. இன்னும் மடிஞ்சா ஆபரேஷன் பண்ணிடலாம். ஒரு மாசம் லீவு போட வேண்டியிருக்கும். முழுசா மடிஞ்சப்புறம் வந்தீங்கன்னா எங்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். மறைச்சு மட்டும் வைக்காதீங்க."

மறைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். மடங்கிய விரலோடு ஒரு தலைமைக் காவலரா?

சுதந்திர தின வெள்ளி விழா வந்தது. கம்பெனி முற்றத்தில் கொடிக்கம்பம், காகிதத் தோரணம், லட்டுக் கூடை. ஜெயராமன் கயிற்றை இழுத்தார். பூக்கள் அவசரமில்லாமல் விழுந்தன. கோதண்டம் வேறு வழியின்றிக் கையை உயர்த்தினார். மோதிர விரல் மட்டும் உள்ளே குனிந்து நின்றது.

ஜெயராமனுக்கு சல்யூட் வைக்கத் தெரியாது. வருஷா வருஷம் ஓரக்கண்ணால் சுபேதாரைப் பார்த்துத்தான் வைப்பார். இந்த வருஷமும் பார்த்தார். மோதிர விரலை மடக்கிக்கொண்டார். அவரைப் பார்த்து ஃபோர்மேன்கள் மடக்கினார்கள். ஃபோர்மேன்களைப் பார்த்து அறுபது தொழிலாளிகள் மடக்கினார்கள். காற்றே இல்லாத அந்தக் காலையில் அறுபது விரல்கள் தலைகுனிந்து நிற்பதைக் கோதண்டம் விழித்துக்கொண்டே கனவு காண்பவர்போல் பார்த்தார்.

லட்டு வாயோடு ஜெயராமன் வந்தார். "பிரமாதம் சுபேதார்! வெள்ளி விழாவுக்குப் புது ஸ்டைலா? எந்த ரெஜிமென்ட்?"

ஏதாவது ஒரு ரெஜிமென்டின் பெயரைச் சொன்னால் போதும். விரலை ஆயுள் முழுக்க அதன் பின்னால் மறைத்துவிடலாம். பெயர் நாக்கு வரை வந்தது. அதே நாக்கு, அதற்குப் பிறகு ஒரு மாதம் லீவு கேட்க எப்படிப் புரளும்?

"ரெஜிமென்ட் இல்ல சார். கையில கோளாறு. ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொல்லிச்சு. இன்னும் மடிஞ்சா ஆபரேஷன். அப்ப ஒரு மாசம் லீவு வேணும் சார்."

ஜெயராமன் தன் கையைப் பார்த்தார். விரல் இன்னும் மடங்கியே இருந்தது. மெதுவாக நிமிர்த்தினார்.

"லீவு எடுத்துக்கோய்யா. எடுத்துக்கோ." குரலைத் தாழ்த்தினார். "ஆனா அடுத்த ஆகஸ்ட்ல நீ கட்டோட இருந்தா, நான் யாரைப் பார்த்து வெக்கறது?"

"எனக்கும் யாரும் சொல்லித் தர்ல சார்," என்றார் கோதண்டம். "சமையக்கட்டு ஜன்னல் வழியா பாத்துகினேதான் கத்துகினேன்."