வேர்க்காத குழாய்

ஈப்போ ஐஸ் தொழிற்சாலை மெக்கானிக் ஸ்டானிஸ்லாஸுக்கு வாய் கொஞ்சம் முந்தும். ஜப்பான்காரன் வந்த மறு வருடம், ஜப்பானிய அதிகாரியின் தீக்குச்சிக் கிடங்கில் ஈரம் ஏறுகிறது என்று பேச்சு வந்ததும், “குளிர வச்சா காஞ்சிரும்லா” என்று தானாகப் போய்த் தலையைக் கொடுத்தார். அவர் குடியிருந்த புந்தோங்கில் ஒரு குச்சியை இரண்டாகப் பிளந்து பற்றவைத்த காலம் அது.

பக்கத்து மலைக் குகையின் ஊற்றுத் தண்ணீரைக் கிடங்குக் குழாயில் ஓடவிட்டு, பின்னால் காற்றாடி வைத்தார். அறை ஜில்லென்றானது. மூன்று நாள் புதுமாப்பிள்ளை நடை. நாலாம் நாள் அதிகாரி உரசிய குச்சியின் மருந்து களிம்பாய் இழுபட்டது.

“சனிக்கிழமை பற்றாவிட்டால் நீ சயாம் ரயில் பாதைக்கு.”

சயாமுக்குப் போனவர் யாரும் புந்தோங்குக்குத் திரும்பியதில்லை. ஸ்டானிஸ்லாஸ் வாசலுக்கும் கொல்லைக்குமாக அலைந்தார். உட்கார்ந்தால் எழுந்தார்.

“என்னண்ணே, கால்ல சக்கரமா?” வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு ராக்காயி. விஷயம் தெரிந்துகொண்டே கேட்பாள்.

“ரூம்பு குளிருது தங்கச்சி, ஈரம் போகலை.”

“எங்க போகும்? எஸ்டேட்டுல ரப்பர் ஷீட்டுக்கு நெருப்பு வைப்போம், ஈரம் கூரை வழியாப் போயிரும். உங்க ரூம்புல அதுக்கு வழி ஏது? ஐஸ் தண்ணி கிளாசாச்சும் வேர்க்குது. உங்க குழாய் வேர்த்துச்சா?”

வேர்க்கவில்லை. தடவித் தடவிப் பார்த்த குழாய் அது. ஒரு சொட்டு இல்லை. காற்று குளிர்ந்ததே தவிர, அதிலிருந்த தண்ணீர் அப்படியே அதிலேயே இருந்தது. அதைப் பிழிந்தெடுக்கும் அளவுக்குக் குகைத் தண்ணீர் குளிரவில்லை.

வெள்ளிக்கிழமை பீப்பாயில் ஐஸ் கட்டிகளைப் போட்டு அந்தத் தண்ணீரை ஓட்டினார். அரை மணியில் குழாய் வேர்த்து வழிந்தது. அடியில் வாளி வைத்தார்.

சனிக்கிழமை வந்த அதிகாரி, சொட்டுச் சத்தம் கேட்டு வாளியைப் பார்த்தார். “பாசா!” என்று கத்தினார்; மலாயில் ஈரம். ஈரத்தை விரட்டச் சொன்னால் தண்ணீரா பிடிக்கிறாய் என்று கன்னத்தில் ஓர் அறை. காது ரீங்கரிக்க, ஸ்டானிஸ்லாஸ் கிடங்குத் தீப்பெட்டி ஒன்றை நீட்டினார்.

முதல் குச்சி ஒடிந்தது.

இரண்டாவது பற்றிக்கொண்டது.

அதிகாரி சிகரெட்டைக் கொளுத்திக்கொண்டு, சயாம் பட்டியலில் ஸ்டானிஸ்லாஸ் பெயரைக் கோடிட்டு அடித்தார். பிறகு பேனாவை மூடாமலே நிமிர்ந்தார்: “எண்ணிக்கை குறையக்கூடாது. வேறு பெயர் சொல்.”