நான் ஒட்டிய பச்சை ஸ்டிக்கர்

என் மேசையில் நான்கே பொருட்கள்: ஓம் அளக்கும் மீட்டர், பூதக்கண்ணாடி, திருப்புளி, ஒரு சுருள் பச்சை ஸ்டிக்கர். ஸ்டிக்கர் இல்லாத வேப்போடு, அதாவது பேட்டரி சிகரெட்டோடு, யாரும் மேடை ஏறக்கூடாது. எங்கள் இமுஸ் ஊரில் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பூசை முடிந்து ஊரே கூடும் கூடைப்பந்து மைதானத்தில் அன்று புகைமேகப் போட்டி. யார் வாயிலிருந்து பெரிய மேகம் வருகிறதோ அவருக்கு ஒரு மூட்டை அரிசி. இதைவிடப் பயனற்ற போட்டி உலகத்தில் இருந்தால் சொல்லுங்கள், அதிலும் பெயர் கொடுக்கிறேன்.

வேப்புக்குள் சூடாகிப் புகை எழுப்பும் கம்பிச்சுருள்தான் காயில்; போட்டியாளர்கள் கையால் சுற்றிய காயில்களைச் சோதிப்பது என் வேலை. இதற்கு நான் ஒன்றும் படித்துவிட்டு வரவில்லை. இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவன் செய்யக்கூடிய தப்புகளையெல்லாம் செய்து முடித்தவன் ஊரிலேயே நான் ஒருவன்தான். ஜீப்னி என்கிற ஊர் வண்டிக் கட்டணத்துக்கு வைத்திருந்த சில்லறைக் காசுகளோடு ஒரே கால்சட்டைப் பையில் மாற்று பேட்டரியையும் போட்டுக்கொண்டு போனவன் நான். காசு பேட்டரியின் இரு முனைகளையும் சேர்த்துவிட்டது, பை தீப்பற்றிக்கொண்டது. அன்று நான் கால்சட்டை இல்லாமல் ஜீப்னியிலிருந்து குதித்ததை இமுஸ் இன்னும் மறக்கவில்லை.

"குயா நோனோய், சும்மா ஒரு கீறல்தானே?" என்று என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் முடிதிருத்தும் ஜோசி. அவளுடையது குழாய் வேப்; அதற்குள் போடும் பேட்டரியின் உறை ஓரத்தில் கிழிந்திருந்தது.

"அது பேட்டரியோட தோல், ஜோசி. உள்ள இருக்கிற உலோகம் குழாய்ச் சுவர்ல பட்டா அவ்வளவுதான். புது உறை மாட்டிட்டு வா."

"ஊர் பேட்டரிக்கெல்லாம் உறை மாட்டு. உன் கால்சட்டை பத்திரம்!"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்து நின்றவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மாங் செவெரோ. என் காதலி லிகாயாவின் அப்பா, ஊரே மரியாதையாக மாங் என்று கூப்பிடும் பெரியவர். முப்பது வருட வெல்டர். அடுத்த ஞாயிறு என் அப்பாவும் அம்மாவும் பாத்திரம் நிறைய பன்சித் நூடுல்ஸோடு அவர் வீட்டுப் படியேறி, பெண் கேட்கப் போகிறார்கள். அவர் சரி என்பாரா என்று லிகாயாவுக்கே தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: இரண்டு வருடமாக நான் "மானோ போ" என்று ஆசி கேட்டுக் குனிந்து, அவர் கையை வாங்கி நெற்றியில் வைக்கப் போகும்போதெல்லாம், அவருக்கு அந்தக் கையில் ஏதோ ஒரு வேலை வந்துவிடும். மூக்கைச் சொறிவார். சேவலைத் தடவுவார். ஒருமுறை காலியான காப்பிக் கோப்பையை எடுத்துக் குடித்தார்.

சிகரெட்டை விடுவதற்காக லிகாயாதான் அவருக்கு ஒரு வேப் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் மனிதர் காயில் சுற்றக் கற்றுக்கொண்டுவிட்டார். பெட்டியை என் மேசையில் வைத்தார். காயில் உட்கார்ந்திருக்கும் அதன் தலையைக் கழற்றிப் பார்த்தேன். காயில் அழகாக இருந்தது. வெல்டர் கை அல்லவா. மீட்டரில் வைத்தேன்: பூஜ்யம் புள்ளி இரண்டு ஓம். குறைதான், ஆனால் அவருடைய பேட்டரி தாங்கும்.

"திருகு கொஞ்சம் தளர்வா இருக்கு, மாங்."

"வெல்டருக்கே கரண்ட் சொல்லித் தர்றியா?"

"இல்ல, இல்ல. பிரமாதமா இருக்கு." திருகை நானே இறுக்கினேன்.

கழற்றிய தலையைக் கவிழ்த்தபோது அதன் அடிப்பக்க ஆணியையும் பார்த்தேன். நடுவில் இருக்கும் அந்தச் சின்ன ஆணி, தன்னைச் சுற்றியுள்ள வளையத்தைவிட வெளியே துருத்திக்கொண்டு நிற்கவேண்டும். இது துருத்தவில்லை, வளையத்தோடு சமமாகப் பதுங்கியிருந்தது. பெட்டியில் போட்டால் பரவாயில்லை. பெட்டிக்குள் ஒரு சர்க்யூட் இருக்கிறது, ஏதாவது தப்பானால் அதுவே அணைந்துகொள்ளும். "இத மட்டும் குழாய்ல போட்டுறாதீங்க" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. அவரிடம் குழாய் ஏது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தலையைப் பெட்டியில் மாட்டி, அதன்மேல் பச்சை ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டி, இரண்டு கையாலும் நீட்டினேன். அப்படியே "மானோ போ" என்றும் குனிந்தேன். அவர் கையில் பெட்டி இருந்தது. போய்விட்டார்.

அரை மணி நேரம் கழித்து மைதானத்தின் மறுகோடியில் பெபோட் மைக்கில் கத்தினான். போட்டியை நடத்துபவன் அவன்தான். குரலுக்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லாதவன்.

"அடுத்து நம்ம மாங் செவெரோ! இவரு கையில இருக்கிறது கடையில வாங்கினது இல்ல மக்களே! சொந்தமா கடைஞ்சது!"

நிமிர்ந்தேன். மேடையில் மாங் செவெரோ சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளைக் குழாயை உருவினார். வெயிலில் அது தங்கமாக மின்னியது. அதில் தன் சண்டைச் சேவலின் பெயரைப் பொறித்திருந்தார். பெட்டியிலிருந்து தலையைக் கழற்றி, என் பச்சை ஸ்டிக்கரோடு, குழாயின் மேல் வைத்துத் திருகத் தொடங்கினார்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

குழாய்க்குள் சர்க்யூட் கிடையாது. பேட்டரியின் உச்சி நேராகத் தலையின் அடியில் போய் முட்டும். ஆணி துருத்தியிருந்தால் பேட்டரி ஆணியை மட்டும் தொடும். சமமாக இருந்தால் ஆணியையும் வளையத்தையும் சேர்த்தே தொடும். அடியிலுள்ள பட்டனை அழுத்திய நொடியில் கரண்ட் காயில் பக்கமே போகாது. பேட்டரி தன்னைத்தானே தின்று கொதிக்கும். காற்று வெளியேறக் குழாயில் துளைகள் இருந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். அவர் குழாய் வழவழவென்று ஒரு துளைகூட இல்லாமல் இருந்தது. வெடித்தால் அதன் ஒரு முனை அவர் பல்லுக்கு நடுவில்.

"பத்து!" என்றான் பெபோட். கூட்டமும் சேர்ந்து எண்ணியது.

"மாங்! அழுத்தாதீங்க!" ஸ்பீக்கர் பாட்டுக்கு முன்னால் என் குரல் எங்கே எடுபடும்? மேசையைத் தாண்டி ஓடினேன். மீட்டர் கீழே விழுந்தது.

"எட்டு!"

எண்ணெயில் பொரித்த லம்ப்பியா விற்கிற அம்மாவின் தட்டில் மோதினேன். "கண்ணு எங்கடா வச்சிருக்க?"

"அஞ்சு!"

முன்வரிசையில் லிகாயா போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "பாட்ட நிறுத்தச் சொல்லு!" என்று அவளிடம் கத்தினேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துக் கையசைத்தாள்.

"மூணு!"

மேடை ஏறிவிட்டேன். அவர் குழாயை வாய்க்குக் கொண்டுபோனார். மூச்சை முழுக்க வெளியே விட்டார். கட்டைவிரல் வளைந்து பட்டன்மேல் உட்கார்ந்தது. பிடுங்கலாமா என்று நினைத்தேன். நான் இழுத்தால் அவர் இறுக்குவார். இறுக்கினால் விரல் அழுந்தும்.

அவர் எதிரில் போய்க் குனிந்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

"மானோ போ!"

அறுபது வருடப் பழக்கம் அவரைவிட வேகமானது. ஊரே பார்க்கும்போது, அதுவும் பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஒருவன் அப்படிக் கேட்டால் கை தானாகத் தளரும், புறங்கை மேலே திரும்பும். அவர் கையும் திரும்பியது. கட்டைவிரல் பட்டனை விட்டு விலகியது. நான் அந்தக் கையை, குழாயோடு சேர்த்து, இரண்டு கையாலும் பற்றி நெற்றியில் அழுத்திக்கொண்டேன். குழாயின் விளிம்பு என் புருவத்துக்கு மேல் பதிந்தது. அது வெடித்தால் இப்போது என் தலை. அதை அப்போது யோசித்திருந்தால் வேறு மாதிரி குனிந்திருப்பேன்.

"சைபர்!" என்றது கூட்டம். பிறகு சிரித்தது. பாட்டு நின்றது.

"டேய், விடு கைய."

"மாட்டேன், மாங். விரல விரிங்க. முழுசா விரிங்க."

"ஊர் முன்னால என்னடா கூத்து?"

"ஆணி உள்ள இருக்கு. அழுத்தினா மூஞ்சி போயிடும்."

விரல்கள் விரிந்தன. குழாயை என் கைக்கு மாற்றி, பட்டன் பக்கம் போகாமல் தலையைத் திருகிக் கழற்றினேன். அவசரத்தில் மரை இரண்டுமுறை நழுவியது.

மாங் செவெரோவின் முகம் செங்கல் மாதிரி ஆகியிருந்தது. "நீதானே பாத்த? நீதானே பச்சை ஒட்டின?"

பெபோட் மைக்கை நீட்டினான். அவன் நாடகத்தை ஒருபோதும் தவறவிடமாட்டான். ஒரு ஜோக் சொல்லித் தப்பித்திருக்கலாம், கையில் மூன்று நான்கு தயாராகவும் இருந்தன.

"நான்தான் ஒட்டினேன்," என்றேன் மைக்கில். "ஆணிய அப்பவே பாத்தேன். இவருகிட்ட தப்பு சொல்ல பயந்துட்டேன். பொண்ணு கேக்கப் போற வீடு."

யாரும் சிரிக்கவில்லை. லிகாயா போனை இறக்கியிருந்தாள்.

மாங் செவெரோ வேப்பின் தலையை என்னிடமிருந்து வாங்கிக் கவிழ்த்தார். அடிப்பக்கத்தில் நகத்தால் குறுக்கே தடவினார். நகம் எங்கும் தட்டவில்லை. இன்னொரு முறை தடவினார். பேட்டரியை உருவி, அதன் உச்சியை ஆணிமேல் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முப்பது வருடம் பொறி பறப்பதைப் பார்த்த கண்.

"ரெண்டும் சேந்து தொடுது," என்றார் மெதுவாக. "வளையம்தான் எர்த்து, அதுவும் தொடுது." குழாயை உருட்டிப் பார்த்தார். "ஓட்டை போட்டா அழகு போயிடும்னு நெனச்சேன்."

அவர் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

"நோனோய், உன் வேலை போச்சு," என்றான் பெபோட், மைக்கை அணைக்காமலே.

மேடையை விட்டு இறங்கினோம். மாங் செவெரோ, வேப்பின் தலையிலிருந்த பச்சை ஸ்டிக்கரை உரித்து என் சட்டையில் ஒட்டினார்.

"ஞாயித்துக்கிழமை வரப்ப மூணு எம்எம் ட்ரில் பிட் ஒண்ணு எடுத்துட்டு வா. என்னுது மொன்னையாயிருச்சு. நாலு ஓட்டை போட்டா சரியாயிடும்."

ஞாயித்துக்கிழமை வரப்ப என்றாரே! "சரி மாங்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி அம்மாவைக் கட்டிப்பிடித்திருக்கலாம். வாயும் திறந்துவிட்டது.

"சரியாகாது, மாங்," என்றேன். "ஓட்டை வேற, ஆணி வேற. இந்தத் தலை அந்தக் குழாய்க்கு ஆகாது. ட்ரில் பிட் கொண்டு வரேன். ஆனா இதப் போட்டு அழுத்த விடமாட்டேன்."

அவர் குழாயையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.  

பிறகு குழாயை இடது கைக்கு மாற்றினார். வலது கையைச் சட்டையில் துடைத்தார். புறங்கை மேலே தெரிய, என் முன்னால் நீட்டினார்.

குனிந்தேன். குழாய் பதிந்த இடம் நெற்றியில் இன்னும் வலித்தது. அவர் கை சரியாக அதன்மேல்தான் பட்டது. வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை.